சார்ல்டனா, பெஸ்டா, ரொனால்டோவா? ஒரு கழகத்தின் மிகச் சிறந்த வீரர்களை வரிசைப்படுத்துவது எப்படி

2023 ஒக்டோபரில் பொபி சார்ல்டன் காலமானார். 2025 ஜனவரியில் டெனிஸ் லோ. இரண்டு தடவையும், அவர்கள் ஆடிய மன்செஸ்டர் யுனைடெட் என்ற இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகர்களிடையே பழைய வாக்குவாதம் மறுபடி கிளம்பியது: இந்தக் கழகத்துக்கு ஆடியவர்களுள் மிகப் பெரியவர் யார்? யாழ்ப்பாணத்திலும் யுனைடெட்டுக்கு ரசிகர்கள் நிறைய. "ரொனால்டோவைக் கீழே தள்ளிப்போட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் ஒருவரை ஏன் மேலே வைக்கிறார்கள்?" என்று இளம் பெடியள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

எத்தனை ஆட்டம், எத்தனை கோல், எத்தனை கிண்ணம் என்பதில் பெரிய சர்ச்சை கிடையாது. எல்லாம் பதிவில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு பட்டியல் சார்ல்டனை முதலில் வைக்கிறது, இன்னொன்று ஜோர்ஜ் பெஸ்டை, மற்றொன்று ரயன் கிக்ஸை. தரவு ஒன்றாக இருக்கும்போது விடை ஏன் மாறுகிறது? அதைத்தான் அடிப்படையிலிருந்து பார்க்கப்போகிறோம்.

முதலில், கேள்வி என்ன?

"மிகச் சிறந்த வீரர்" என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

1. இந்தச் சட்டையை அணிந்தவர்களுள் ஆட்டத்திறனில் உச்சம் தொட்டவர் யார்?
2. இந்தக் கழகத்துக்கு ஆடிய காலத்தில், இந்தக் கழகத்துக்காக அதிகம் செய்தவர் யார்?
3. இந்தக் கழகத்தின் போக்கையே மாற்றியவர் யார்?

முதல் கேள்விக்கு ரொனால்டோ என்று சொன்னால் மறுப்பது கடினம். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் உண்டு. ரொனால்டோ யுனைடெட்டுக்கு இரண்டு தடவையாக ஆடிய 346 ஆட்டங்களில் 145 கோல்கள் அடித்தார். ரியல் மட்ரிட்டுக்கு 438 ஆட்டங்களில் 450 கோல்கள். வருடத்தின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதுகள் அவர் வென்ற ஐந்தில் யுனைடெட் சட்டையோடு வென்றது ஒன்றே ஒன்று, 2008இல். மட்ரிட்டில் செய்த சாதனையை மன்செஸ்டரின் கணக்கில் எழுதினால் அது கழகப் பட்டியல் ஆகாது. அதே தர்க்கத்தில் பார்த்தால், 2014இல் ஜேர்மனிக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்துவிட்டு மறு வருடம் யுனைடெட்டுக்கு வந்த ஷ்வைன்ஸ்டைகரையும் மேலே போடவேண்டிவரும். அவர் அங்கே ஒரு பருவத்தைக்கூட சரியாக ஆடி முடிக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்கு எரிக் கன்டோனா நல்ல உதாரணம். 1967க்குப் பிறகு யுனைடெட் லீக் பட்டத்தை வெல்லவே இல்லை. 1992 நவம்பரில் லீட்ஸிலிருந்து கன்டோனா வந்தார்; அடுத்த மே மாதம் பட்டம் வந்தது, 26 வருடத்துக்குப் பிறகு. அவர் இருந்தது ஐந்து வருடமும் நிறையாத காலம். 185 ஆட்டங்கள், 82 கோல்கள், நான்கு லீக் பட்டங்கள். கோல் பட்டியலில் அவரைத் தேடினால் வெகு கீழே இருப்பார். ஆனால் அந்த அணி வெல்லப் பழகியது அவரோடுதான்.

கழகத்தின் பட்டியல் என்றால் இரண்டாவது கேள்விதான் முதுகெலும்பாக இருக்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. மூன்றாவதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். முதலாவதைத் தனிப் பட்டியலாகப் போட்டுவிடுவது நல்லது.

எண்கள் எவ்வளவு தூரம் உதவும்?

யுனைடெட்டின் கோல் பட்டியலில் முதலிடம் வெய்ன் ரூனிக்கு: 559 ஆட்டங்களில் 253. இரண்டாவது சார்ல்டன்: 758இல் 249. மூன்றாவது டெனிஸ் லோ: 404இல் 237. 2017 ஜனவரியில் ஸ்டோக் சிற்றிக்கு எதிராக ரூனி 250ஆவது கோலை அடிக்கும்வரை சார்ல்டனின் சாதனை நாற்பது வருடத்துக்கு மேல் அசையாமல் நின்றது.

இதையே 100 ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று கணக்கிட்டால் வரிசை தலைகீழாகிறது. லோ ஏறத்தாழ 59, ரூனி 45, சார்ல்டன் 33. 219 ஆட்டங்களில் 150 கோல் அடித்த ரூட் வான் நிஸ்டல்ரோய் 68ஓடு எல்லோருக்கும் மேலே போய்விடுகிறார். அதற்காக வான் நிஸ்டல்ரோய் சார்ல்டனை விடப் பெரியவர் என்று எவரும் சொல்வதில்லை. காரணம் எளிது: வான் நிஸ்டல்ரோய் பெனல்டி எல்லைக்குள் நின்று முடிப்பவர். சார்ல்டன் இடது ஓரத்தில் தொடங்கி, பிறகு நடுக்களத்துக்கு வந்து, அங்கிருந்து முழு ஆட்டத்தையும் நடத்தியவர். நடுக்களத்தில் நின்றபடி 249 என்பதே அசாதாரணம்.

கோல் காப்பாளருக்கும் பின்களத்தாருக்கும் இந்த எண்கள் ஒன்றுமே சொல்வதில்லை. 1996 மார்ச் 4ஆம் திகதி நியூகாசிலில் நடந்த ஆட்டத்தை எடுங்கள். பட்டப் போட்டியில் நியூகாசில் முன்னணியில் இருந்தது. முதல் பாதி முழுக்க அவர்கள் யுனைடெட்டை நெருக்கித் தள்ளினார்கள். பீற்றர் ஸ்மைக்கல் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகளைத் தடுத்தார். இடைவேளைக்குப் பிறகு கன்டோனா ஒரேயொரு கோல் அடித்தார், 1-0. பதிவேட்டில் இருப்பது கன்டோனாவின் பெயர் மட்டும். ஸ்மைக்கல் இல்லாவிட்டால் அந்தக் கோலுக்குப் பெறுமதியே இருந்திராது. அந்தப் பருவத்தின் பட்டம் யுனைடெட்டுக்குத்தான் போனது.

கிண்ணங்களை எண்ணுவதிலும் இதே வில்லங்கம் உண்டு. கிக்ஸிடம் 13 லீக் பட்டங்கள், சார்ல்டனிடம் மூன்று. ஆனால் கிண்ணம் என்பது பதினொரு பேரும் பயிற்றுவிப்பாளரும் சேர்ந்து வெல்வது. காயமும் தண்டனையும் வேறு குறுக்கிடும். 1968 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் முழங்கால் காயத்தால் லோ ஆடவில்லை. 1999 இறுதியாட்டத்தில் மஞ்சள் அட்டைத் தண்டனையால் ரோய் கீனும் போல் ஸ்கோல்ஸும் ஆடவில்லை. கழகத்தின் இரண்டு மிகப் பெரிய இரவுகளிலும் அதன் மிகப் பெரிய வீரர்கள் சிலர் வெளியே இருந்தார்கள்.

காலம் மாறும்போது அளவுகோலும் மாறுகிறது

வெவ்வேறு காலத்தவர்களை ஒப்பிடும்போது, ஆட்டத்தின் விதிகளே வேறாக இருந்தன என்பதை மனதில் வைக்கவேண்டும்.

1. மாற்று வீரர். இங்கிலாந்து லீக்கில் மாற்று வீரரை இறக்க அனுமதி வந்தது 1965-66 பருவத்தில்தான். அதுவும் காயம்பட்டவருக்குப் பதிலாக ஒருவர் மட்டும். அதற்கு முன் கால் பிசகினாலும் கடைசிவரை நொண்டிக்கொண்டு ஆடவேண்டும், அல்லது அணி பத்துப் பேரோடு ஆடவேண்டும்.

2. அட்டைகள். மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கிண்ணத்தில் அறிமுகமாகி, இங்கிலாந்து லீக்குக்கு 1976இல் வந்தன. பெஸ்ட் யுனைடெட்டுக்குக் கடைசியாக ஆடியது 1974 ஜனவரி 1ஆம் திகதி. இன்றைக்குச் சிவப்பு அட்டை கிடைக்கும் பல தடுப்புகளை அவர் சேற்று மைதானங்களில் வாங்கிக்கொண்டு எழும்பி ஓடியவர். அவர் அடித்த 179 கோல்களையும் அந்த வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும்.

3. ஐரோப்பியப் போட்டிகள். ஐரோப்பியக் கிண்ணமே 1955இல்தான் தொடங்கியது. லீக் பட்டம் வென்றவர்களும் நடப்புச் சம்பியனும் மட்டுமே அதில் ஆடலாம். இப்போது நான்காவதாக வந்தாலும் அதன் இன்றைய வடிவமான சம்பியன்ஸ் லீக்கில் ஆடலாம். ஆகவே ஐரோப்பிய ஆட்டங்களின் எண்ணிக்கையை நேராக ஒப்பிடமுடியாது.

4. சம்பளமும் சுதந்திரமும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 1961வரை இங்கிலாந்தில் ஒரு வீரருக்கு வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரையும் கழகம் விடாமல் பிடித்துவைக்கலாம் என்ற நிலை 1963இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்போடு தளர்ந்தது. 1995 பொஸ்மன் தீர்ப்புக்குப் பிறகே, ஒப்பந்தம் முடிந்தால் மாற்றுத் தொகை இல்லாமல் போகலாம் என்ற உரிமை ஐரோப்பாவில் உறுதியானது. சார்ல்டன் 17 பருவம் இருந்ததையும், ரொனால்டோ ஆறு பருவத்தில் 80 மில்லியன் பவுணுக்கு மட்ரிட் போனதையும் "விசுவாசம்" என்ற ஒரே தராசில் நிறுப்பது சரியல்ல. முன்னவருக்குப் போக வழி குறைவு, பின்னவரைப் பிடித்துவைக்க வழி குறைவு.

இதற்குத் தீர்வு என்ன? ஒருவரை அவருடைய காலத்து எதிராளிகளோடு ஒப்பிடுவதுதான். 1963-64 பருவத்தில் லோ எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 46 கோல் அடித்தார். இன்றுவரை எந்த யுனைடெட் வீரரும் ஒரு பருவத்தில் அதைத் தாண்டவில்லை. 2007-08இல் ரொனால்டோ 42வரை வந்தார். லோ 1964இலும், சார்ல்டன் 1966இலும், பெஸ்ட் 1968இலும் பலோன் டோர் வென்றார்கள். ஐந்து வருடத்துக்குள் ஒரே கழகத்தில் ஐரோப்பாவின் சிறந்த வீரர்கள் மூவர்! அவரவர் காலத்தில் அவரவர் எங்கே நின்றார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டமுடியாது.

மியூனிக்கும் டங்கன் எட்வேர்ட்ஸும்

1958 பெப்ரவரி 6. பெல்கிரேட்டில் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 என்று ஆடிவிட்டுத் திரும்பிய யுனைடெட் அணி, எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கியது. ஓடுபாதையில் உருகிய பனிச் சேறு. மூன்றாவது தடவை மேலெழும்ப முயன்றபோது விமானம் விபத்துக்குள்ளானது. 23 பேர் உயிரிழந்தார்கள். அதில் எட்டுப் பேர் யுனைடெட் வீரர்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவரான டங்கன் எட்வேர்ட்ஸ் 15 நாட்கள் மருத்துவமனையில் போராடி, 21 வயதில் இறந்தார். அதற்குள் 177 ஆட்டங்கள், இரண்டு லீக் பட்டங்கள், இங்கிலாந்து தேசிய அணிக்கு 18 ஆட்டங்கள்.

அவரோடு ஆடியவர்கள் பலரும், சார்ல்டன் உட்பட, தாங்கள் பார்த்ததில் மிகச் சிறந்தவர் அவர்தான் என்று சொல்லிவந்தார்கள். அந்தச் சாட்சியத்தை நான் முழுதாக நம்புகிறேன். ஆனாலும் நடக்காத ஆட்டங்களுக்குப் புள்ளி போடமுடியாது. பட்டியலில் அவருக்கு ஓர் இலக்கம் கொடுத்தால் அது கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. பெயரைத் தனியாக எழுதி, இலக்கம் இல்லாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

எதைப் பார்த்தோமோ அதுவே பெரிதாகத் தெரியும்

பட்டியல் போடுபவர் எந்த வயதில் எந்த ஆட்டங்களைப் பார்த்தார் என்பது முடிவைப் பாதிக்கும். இது எல்லா நாட்டுக்கும் பொது. யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது: மின்சாரம்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பட்டரிக்கும் தடை. சைக்கிளை நிறுத்திவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. சுற்றும் கை நின்றால் செய்தியும் நிற்கும். பிறீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்தர லீக்) தொடங்கியதும் கன்டோனா வந்ததும் 1992இல். 1995 ஒக்டோபர் 1ஆம் திகதி, எட்டு மாதத் தடைக்குப் பிறகு கன்டோனா மைதானத்துக்குத் திரும்பினார். அதே மாதம் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனது. மேலே சொன்ன நியூகாசில் ஆட்டம் நடந்த மார்ச்சில், இங்கே ஆட்டம் பார்க்கும் வயதில் இருந்த பெடியள் பலர் வீடு இல்லாமல் இருந்தார்கள்.

ஆகவே எங்கள் ஊரில் அந்தத் தலைமுறைக்குக் கன்டோனாவும் ஸ்மைக்கலும் பெயர்கள். கண்ணால் கண்ட நினைவு அல்ல. அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் தொலைக்காட்சியில் யுனைடெட்டை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கும்போது ரொனால்டோ மட்ரிட் போய்விட்டார். நள்ளிரவு தாண்டியும் கண்விழித்து அவர்கள் பார்த்த ரொனால்டோ பெரும்பாலும் வெள்ளைச் சட்டை ரொனால்டோதான். யுனைடெட் பட்டியலில் அவரை முதலாவதாக எழுதும்போது, கையில் இருப்பது சிவப்புச் சட்டைக் கணக்கு, மனதில் இருப்பது வெள்ளைச் சட்டை நினைவு. அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் தெரிந்து வைத்திருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

சரி, என் வரிசை

கழகத்துக்கு ஆடிய காலத்தை மட்டும் எடுத்து, அவரவர் காலத்தோடு ஒப்பிட்டு, இடத்துக்கு ஏற்ற பங்களிப்பையும் பார்த்தால் முதல் ஐந்து இப்படி வருகிறது.

1. பொபி சார்ல்டன். அதிக ஆட்டங்கள் ஆடியவர்களில் இரண்டாவது, அதிக கோல் அடித்தவர்களில் இரண்டாவது. இரண்டு பட்டியலிலும் முதல் இரண்டு இடங்களுக்குள் வரும் பெயர் இவருடையது மட்டும். ஆட்டங்களில் முதலாவதான கிக்ஸ் கோலில் கீழே. கோலில் முதலாவதான ரூனி ஆட்டங்களில் கீழே. மியூனிக்கில் உயிர் தப்பி, பத்து வருடம் கழித்து வெம்பிளியில் பென்பிகாவை 4-1 என்று வென்ற ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் அணித்தலைவராக இரண்டு கோல் அடித்தவர். மூன்று கேள்விகளில் எதைக் கேட்டாலும் இவர் மேலே நிற்கிறார்.

2. ஜோர்ஜ் பெஸ்ட். 1966 மார்ச்சில் லிஸ்பனில், 19 வயதில், பென்பிகாவுக்கு எதிராக முதல் கால் மணி நேரம் முடியுமுன் இரண்டு கோல். ஆட்டம் 5-1. 27 வயதில் யுனைடெட்டை விட்டுப் போனது பெரிய இழப்பு. இருந்த பத்தரை வருடமே இரண்டாம் இடத்துக்குப் போதும்.

3. ரயன் கிக்ஸ். 963 ஆட்டங்கள். பிறீமியர் லீக்கின் முதல் 21 பருவங்களிலும் கோல் அடித்தவர். உச்சத்தில் பெஸ்டைத் தொடவில்லை. ஆனால் தேய்வில்லாத இருபது வருடத்துக்கு ஒரு விலை உண்டு.

4. டெனிஸ் லோ. இவரையும் கிக்ஸையும் இடம் மாற்றிப் போட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

5. ரோய் கீன். எண்ணில் அடங்காத பங்களிப்புக்கு இவரைப்போல் உதாரணம் கிடைக்காது. 1999 ஏப்ரல் 21, துரின் நகரில் ஜுவென்டஸோடு அரையிறுதி இரண்டாம் ஆட்டம். பதினொரு நிமிடத்துக்குள் 0-2 பின்னால். கீன் தலையால் முட்டி முதல் கோலைக் கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் அட்டை வாங்கினார். அதோடு இறுதியாட்டம் தனக்கில்லை என்று தெரியும். தெரிந்தும் நடுக்களத்தை முழுதாகக் கையில் எடுத்து ஆடினார், முடிவு 3-2. தான் ஆடப்போகாத இறுதியாட்டத்துக்கு அணியை அழைத்துப்போனார்.

அதன் பின் கன்டோனா, ஸ்மைக்கல், ரொனால்டோ, ரூனி, ஸ்கோல்ஸ் என்று வரும். இந்த ஐவருக்குள் வரிசையை எப்படி மாற்றினாலும் நியாயம் சொல்லலாம்.

எங்கள் ஊர்க் கழகங்களுக்கு இது ஏன் தேவை?

குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் அரியாலையிலும் இதே வாக்குவாதம் உள்ளூர்க் கழகங்களைப் பற்றியும் நடக்கிறது. அங்கே கேள்வியைப் பிரித்தாலும் பயனில்லை, ஏனென்றால் மேலே பயன்படுத்திய எண்களைப்போல் எங்களிடம் ஒன்றும் இல்லை. இடப்பெயர்வுகளில் வீடுகளோடு படங்களும் ஸ்கோர் எழுதிய கொப்பிகளும் போய்விட்டன. மிஞ்சியது பார்த்தவர்களின் வாய்மொழி.

இனிமேலாவது பதியத் தொடங்கும் கழகங்கள் சில விடயங்களைக் கவனிக்கவேண்டும். அணிக்கு 7 பேர் ஆடும் சுற்றுப்போட்டியின் கோலையும் 11 பேர் ஆடும் ஆட்டத்தின் கோலையும் ஒரே நிரலில் எழுதக்கூடாது. சிறிய மைதானத்தில், குறைந்த நேரத்தில் அடிக்கும் கோல் வேறு. துரையப்பா விளையாட்டரங்கில் 90 நிமிட ஆட்டத்தில் அடிக்கும் கோல் வேறு. கோல் அடித்தவரோடு பந்து கொடுத்தவரையும் கோல் காப்பாளரையும் எழுதவேண்டும். யார் இடையில் இறங்கினார், யார் காயத்தால் வெளியேறினார், மைதானம் எது என்பதும் வேண்டும்.

பழைய காலத்துக்கு, ஒரே ஆட்டத்தைப் பார்த்த இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போகும் பகுதியை மட்டும் எடுக்கலாம். எதிரணியில் ஆடியவரின் சாட்சியத்துக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம். அவருக்குப் புகழவேண்டிய தேவை இல்லை. ஊரில் தொலைந்த குழுப் படங்களின் பிரதிகள் சில ரொறன்ரோவிலும் லண்டனிலும் குடும்ப அல்பங்களில் இருக்கக்கூடும். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கான் செய்து அனுப்பச் சொல்லுங்கள். வருடமும் பெயர்களும் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.